எதற்கு ஐஐடி மெட்ராஸ்? குமரி மாவட்டத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்த்தாண்டத்தில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்கிறேன். ஐஐடி மெட்ராஸில் எம்.டெக் படித்தவன் என்று ஊரில் தெரிந்துவிட்டதால், கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் கோயில் கொடைக்குப் போனாலும் யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து அமர்ந்து இதையே கேட்கிறார்கள். கேட்டவர்கள் வாயிலிருந்து வந்தபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"ஐஐடி மெட்ராஸ்ன்னா அண்ணா யுனிவர்சிட்டிதானே சாரே?"

இல்லை. இரண்டும் சென்னையில் சர்தார் படேல் சாலையை ஒட்டி, பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் வரும் குழப்பம் இது. அண்ணா பல்கலைக்கழகம் மாநில அரசுடையது. அதன் வளாகத்தில் இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரி 1794-ல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய பொறியியல் கல்லூரிகளில் ஒன்று. அங்கே சேர பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கு, இயற்பியல், வேதியியல் மதிப்பெண்ணை வைத்து 200-க்குக் கட்-ஆப் பார்ப்பார்கள். தனியாக நுழைவுத்தேர்வு கிடையாது.

ஐஐடி மெட்ராஸ் மத்திய அரசுடையது. 1959-ல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்டது. பி.டெக் சேர ஜேஇஇ மெயின், அதில் தேறியபின் ஜேஇஇ அட்வான்ஸ்டு என்று இரண்டு தேர்வு எழுத வேண்டும். குரோம்பேட்டையில் இருக்கும் எம்ஐடி, அதாவது மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி, இந்த இரண்டும் அல்லாத மூன்றாவது கல்லூரி; அதுவும் அண்ணா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது.

"நாட்டுல 23 ஐஐடி இருக்காம். பெறவு எதுக்கு எல்லாரும் மெட்ராஸையே சொல்லுதாவ?"

மத்திய அரசின் என்ஐஆர்எஃப் தரவரிசை 2016-ல் தொடங்கியது. அன்றிலிருந்து 2025 வரை பொறியியலில் முதலிடம் ஐஐடி மெட்ராஸுக்குத்தான். எல்லா வகை நிறுவனங்களையும் சேர்த்த பட்டியலிலும் 2019 முதல் 2025 வரை அதுவே முதலிடம். செய்தித்தாளில் வருவது இதுதான், எனவே எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். நான் இதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். முதலிடத்துக்கும் மூன்றாமிடத்துக்கும் உள்ள வித்தியாசம் உங்கள் பிள்ளை உட்காரும் வகுப்பறையில் தெரியாது.

நான் சொல்லும் காரணம் வேறு. வளாகத்தை ஒட்டித் தரமணிப் பக்கம் ரிசர்ச் பார்க் இருக்கிறது. 2010-ல் திறந்தார்கள். கம்பெனிகளின் ஆராய்ச்சிப் பிரிவுகளும், மாணவர்களும் பேராசிரியர்களும் தொடங்கிய சின்னக் கம்பெனிகளும் ஒரே கட்டிடங்களில் இருக்கின்றன. ஏதர் மின்சார ஸ்கூட்டரைத் தொடங்கிய இருவரும் இங்கே படித்தவர்கள். 2013-ல் இங்கிருந்துதான் தொடங்கினார்கள். 2024 மே 30-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து சோதனை ராக்கெட் ஏவிய அக்னிகுல் கம்பெனியும் இங்கே வளர்ந்ததுதான். உள்ளேயே சென்டர் ஃபார் இன்னொவேஷன் என்று மாணவர்கள் நடத்தும் பட்டறை ஒன்று உண்டு. ரேஸ் கார், ட்ரோன், ரோபோ என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார்கள். இரண்டாம் வருஷப் பையன் ஒருவன் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஸ்பேனரோடு அலைவதை அங்கே யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. கையை வைத்துப் பார்க்கும் குணம் உள்ள பிள்ளைக்கு இது பெரிய விஷயம். பாடப்புத்தகம் மட்டும் படிக்கிற பிள்ளைக்கு இதெல்லாம் இருந்தும் பயன் குறைவு.

"பாலக்காடு நமக்குப் பக்கம்லா? திருவனந்தபுரத்திலயும் ஒண்ணு இருக்குன்னாங்களே?"

பாலக்காடு ஐஐடி 2015-ல் வந்தது. நல்ல இடம்தான், ஆனால் வயது குறைவு. பழைய ஐஐடிகளில் இருக்கும் அளவுக்குத் துறைகளோ முன்னாள் மாணவர் கூட்டமோ இன்னும் சேரவில்லை.

திருவனந்தபுரத்தில் இருப்பது ஐஐடி அல்ல, ஐஐஎஸ்டி, அதாவது இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்பக் கழகம். வலியமலையில் இருக்கிறது. மத்திய அரசின் விண்வெளித் துறை அதை 2007-ல் தொடங்கியது. ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதித்தான் சேர முடியும். பிள்ளைக்கு ராக்கெட்டில்தான் ஆசை என்றால், நாகர்கோவிலிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய திருவனந்தபுரத்தின் பக்கத்தில் இருக்கும் இந்த இடத்தைக் கட்டாயம் பட்டியலில் வையுங்கள். ஆனால் படித்து முடித்ததும் இஸ்ரோ வேலை கையில் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். காலியிடத்தையும் மதிப்பெண்ணையும் பொறுத்தது அது.

"அவளுக்கு 12-ல நல்ல மார்க் வரும். அரசுப் பள்ளி 7.5 சதவீதம் அங்கயும் உண்டுமா?"

கிடையாது. 7.5 சதவீத ஒதுக்கீடு தமிழ்நாட்டு அரசின் சட்டம். மருத்துவத்துக்கு 2020-லும் பொறியியலுக்கு 2021-லும் வந்தது. மாநில அரசு நடத்தும் கலந்தாய்வுக்குள் மட்டுமே அது செல்லும். ஐஐடிகளில் "நம்ம மாநிலத்துப் பிள்ளை" என்ற ஒதுக்கீடும் இல்லை. பீகார் பையனுக்கும் மார்த்தாண்டம் பையனுக்கும் ஒரே வரிசைதான். மத்திய அரசின் இன்னொரு பொறியியல் நிறுவனமான திருச்சி என்ஐடியில் மட்டும் பாதி இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அங்கே ஒரு வாசல்படி மட்டும்: 75 சதவீதம், அல்லது உங்கள் போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள், அதாவது நூற்றில் முதல் இருபது பேருக்குள். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்கு 65 சதவீதம். அதைத் தாண்டிவிட்டால் 580 எடுத்தவளும் 500 எடுத்தவளும் ஒன்றுதான். ரேங்க் மட்டுமே பேசும்.

"தமிழ் மீடியத்தில படிச்ச பிள்ளை அங்க போய் என்ன செய்யும்?"

ஜேஇஇ மெயினைத் தமிழிலேயே எழுதலாம். 2021 முதல் 13 மொழிகளில் நடக்கிறது. விண்ணப்பம் போடும்போதே தமிழைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்வான்ஸ்டு மட்டும் ஆங்கிலம் அல்லது இந்தியில்தான். அதனால் நான் தமிழ் மீடியம் பிள்ளைகளிடம் மெயினுக்குப் படிக்கும்போதே ஆங்கிலக் கேள்வித்தாளைப் பழகச் சொல்கிறேன். கணக்கு, இயற்பியல் கேள்விகளில் வரும் ஆங்கிலம் சில நூறு சொல்தான்.

உள்ளே போனபின் முதல் செமஸ்டர் சிரமமாக இருக்கும். பக்கத்து அறைப் பையன் தெலுங்கும் இந்தியும் பேசுவான், வகுப்பு ஆங்கிலத்தில் ஓடும். நம் பிள்ளைகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு: விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பிள்ளைகள் பாதி மலையாளம் பேசித்தான் வளர்கிறார்கள். ஹாஸ்டலில் மலையாளிக் கூட்டத்தோடு முதல் நாளே ஒட்டிக்கொள்வார்கள்.

"பைசா எவ்வளவு ஆகும்? நான் ரப்பர் பால் வெட்டுறவன்."

பி.டெக் கல்விக் கட்டணம் வருஷத்துக்கு 2 லட்சம். இதைக் கேட்டதும் பாதிப் பேர் எழுந்து போய்விடுகிறார்கள், மிச்சத்தைக் கேட்பதில்லை. எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குக் கல்விக் கட்டணம் முழுக்கத் தள்ளுபடி. மற்றவர்களில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சத்துக்குக் கீழ் இருந்தால் முழுத் தள்ளுபடி. 1 முதல் 5 லட்சம் வரை என்றால் மூன்றில் இரண்டு பங்கு தள்ளுபடி. ஹாஸ்டல், மெஸ் செலவு தனி. ஒரு சாதாரணத் தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக இடம் வாங்கக் கொடுக்கும் பணத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு ஐஐடி போன்ற நிறுவனத்தில் இளநிலைப் படிப்பில் சேரும் பிள்ளைகளின் செலவைத் தமிழ்நாடு அரசே ஏற்கும் என்று 2022 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். பள்ளித் தலைமையாசிரியர் வழியாகக் கேளுங்கள். வருமானச் சான்றிதழை மட்டும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே எடுத்து வையுங்கள். ஜூன் மாதம் எல்லோரும் வரிசையில் நிற்கும்போது தாசில்தார் ஆபீஸைத் திட்டிப் பயனில்லை.

"எங்களுக்கு பி.சி. சர்ட்டிபிகேட் இருக்கு. அது போதுமா?"

போதாது. இந்த ஒரு கேள்வியில் கோட்டைவிட்டுப் பொதுப் பிரிவுக்குப் போன பிள்ளைகள் உண்டு. மாநிலத்தின் பி.சி., எம்.பி.சி. பட்டியல் வேறு, மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல் வேறு. உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால், கிரீமி லேயரில், அதாவது பிற்பட்டோரில் வசதி படைத்த பிரிவில், வராதவர் என்று மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அதுவும் அந்த வருஷம் ஏப்ரல் 1 அன்றோ அதற்குப் பிறகோ கொடுத்ததாக இருக்க வேண்டும். பழையது செல்லாது. ஐஐடியில் ஓ.பி.சி.க்கு 27 சதவீதம், எஸ்சிக்கு 15, எஸ்டிக்கு 7.5, பொதுப் பிரிவில் பொருளாதாரத்தில் பின்தங்கியவர்களுக்கு 10.

"பொம்பளைப் பிள்ளைய அவ்வளவு தூரம் தனியா விடலாமா?"

சாயங்காலம் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் ஏற்றிவிட்டால் விடிகாலை தாம்பரம். அங்கிருந்து மின்சார ரயிலில் கிண்டி. இது தூரமா? கோயம்புத்தூர் தனியார் கல்லூரிகளுக்கு இதே வீடுகளிலிருந்து பெண் பிள்ளைகள் போகிறார்கள்.

பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், வளாகம் சுமார் 600 ஏக்கர், கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய காடு. வாசலில் காவல் உண்டு. புள்ளிமானும் குரங்கும்தான் அதிகத் தொல்லை. ஜன்னலைத் திறந்து வைத்தால் குரங்கு பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துப் போய்விடும். பெண்களுக்குத் தனி ஹாஸ்டல்கள். எல்லா ஹாஸ்டலுக்கும் ஆற்றின் பெயர்: ஷராவதி, காவேரி, நர்மதா என்று. தாமிரபரணி ஹாஸ்டலும் உண்டு. குழித்துறைக்காரர்கள் "அது எங்க ஆறு" என்று பெருமைப்பட்டுக்கொள்வார்கள், திருநெல்வேலிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2018 முதல் பெண்களுக்கென்று கூடுதல் இடங்கள் உருவாக்கினார்கள். 2020-லிருந்து அது 20 சதவீதம். ஆண் பிள்ளைகளுக்கு ஒரு பிரிவில் இடம் முடிந்துவிடும் கடைசி ரேங்குக்கு வெகுவாகக் கீழே இருந்தாலும் பெண் பிள்ளைக்கு அதே பிரிவு கிடைக்கிறது. எனவே அனுப்பலாமா என்பதைவிட, அனுப்பாமல் விட்டால் எதை இழக்கிறோம் என்று யோசியுங்கள்.

"ஆறாம் கிளாஸ்லயே கோச்சிங் சேக்கணும்னு சொல்லுதாவளே?"

வேண்டாம். பத்தாம் வகுப்பு வரை கணக்கைப் புரிந்து போட்டால் போதும்.

"ஐஐடியில சிவிலோ மெட்டலர்ஜியோ கிடைக்குது, கிண்டியில கம்ப்யூட்டர் கிடைக்குது. எதை எடுக்க?"

வருஷா வருஷம் மே, ஜூன் மாதம் என் போன் அடிப்பதே இதற்காகத்தான். எல்லோருக்கும் ஒரே பதில் கிடையாது. பிள்ளையிடம் நான் முதலில் கேட்பது: "கம்ப்யூட்டரில் என்ன பிடிக்கும்?" பள்ளி நாளிலேயே தானாக ஏதாவது புரோகிராம் எழுதிப் பார்த்த பிள்ளை என்றால் கிண்டிக்குப் போகச் சொல்வேன். அது சின்ன இடம் அல்ல. நல்ல கம்பெனிகள் வருகின்றன, நுழைவுத்தேர்வின் களைப்பில்லாமல் படிப்பைத் தொடங்கலாம், நண்பர்கள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கம்ப்யூட்டர் என்று பக்கத்து வீட்டு மாமா சொன்னதால் கேட்கும் பிள்ளை என்றால், ஐஐடியில் சிவில் எடுக்கச் சொல்வேன். எதில் ஆசை என்று இன்னும் தெரியாத பிள்ளைக்குப் பல கதவு திறந்திருக்கும் இடம் நல்லது.

அங்கே தன் பிரிவுக்கு வெளியே பாடங்கள் எடுக்கலாம், மைனர் என்று வேறொரு துறையில் சில பாடங்களைச் சேர்த்துக்கொள்ளலாம். மூன்றாம் வருஷம் வாக்கில் டேட்டா சயின்ஸ், ரோபாடிக்ஸ் போன்றவற்றில் ஐந்தாண்டு இரட்டைப் பட்டத்துக்கு மாறிக்கொள்ளவும் வழி உண்டு. ஆனால் "முதல் வருஷம் முடிந்து கம்ப்யூட்டருக்கு மாறிக்கொள்ளலாம்" என்று யாராவது சொன்னால் அந்த நம்பிக்கையில் சேராதீர்கள். பிடிக்காத பிரிவில் நான்கு வருஷம் இருக்க முடியுமா என்பதை மட்டும் பாருங்கள். மெட்டலர்ஜி வகுப்பில் வேண்டாவெறுப்பாக உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு வாசலில் எழுதியிருக்கும் பெயர் உதவாது.

"நாங்க கடப்புறத்துக்காரங்க. எங்க பிள்ளைக்குப் பிரயோசனப்படுற படிப்பு அங்க உண்டுமா?"

இந்தக் கேள்வியை ஒருவர்தான் கேட்டார், குளச்சல் பக்கத்தவர். இன்னும் நிறையப் பேர் கேட்க வேண்டும். நேவல் ஆர்கிடெக்சர், அதாவது கப்பல் வடிவமைப்பு, ஐஐடிகளில் இரண்டு இடத்தில்தான் பி.டெக் ஆகப் படிக்க முடியும்: கரக்பூர், மெட்ராஸ். மெட்ராஸில் அது ஓஷன் இன்ஜினியரிங் துறையின் கீழ் வருகிறது. தொட்டியில் செயற்கை அலை எழுப்பிக் கப்பல் மாதிரிகளையும் அலைதடுப்புச் சுவர்களையும் சோதிக்கிறார்கள். துறைமுகம், கடற்கரை அரிப்பு பற்றி ஆராயத் தனி மையமே வைத்திருக்கிறார்கள்.

தூண்டில் வளைவு, அதாவது கடலுக்குள் நீளும் கல்சுவர், போட்டால் பக்கத்து ஊர்க் கரை ஏன் கரைகிறது, துறைமுக முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து படகு ஏன் கவிழ்கிறது என்பதெல்லாம் தேங்காய்ப்பட்டணம் பிள்ளைக்குச் சின்ன வயதிலேயே தெரிந்த சங்கதி. 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயலில் கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகள் இங்கே நிறைய. அந்தக் கடலைப் படிக்கும் துறைக்குள் அந்தக் கரைகளிலிருந்து ஒரு பிள்ளை போனால், மற்ற பிள்ளைகள் புத்தகத்தில் தேடுவது அவன் கையில் இருக்கும். கம்ப்யூட்டர் சயின்ஸைவிட ரேங்க் பின்னால் இருந்தாலும் இது கிடைக்கிறது. என் கணக்கில், குமரி மாவட்டத்தவருக்கு ஐஐடி மெட்ராஸைத் தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல காரணம் இல்லை.

"கோடி ரூபாய் சம்பளம் நிச்சயமா?"

நிச்சயம் இல்லை. பேப்பரில் வரும் கோடி ரூபாய் சம்பளம் விரல் விட்டு எண்ணும் சிலருக்கு, பெரும்பாலும் வெளிநாட்டு வேலைக்கு. சில வருஷம் வளாகத் தேர்வில் வேலை கிடைக்காமல் வெளியே வந்து தேடிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். சம்பளம் ஒன்றே காரணம் என்றால் மேலே கிண்டி பற்றிச் சொன்னதை மறுபடி படியுங்கள்.

"அங்க பிள்ளைங்க மனசு உடைஞ்சு உயிரை விடுறதா செய்தி வருதே. பயமா இருக்கு சார்."

பயம் நியாயமானதுதான். அப்படி நடந்திருக்கிறது, ஐஐடி மெட்ராஸிலும் நடந்திருக்கிறது. பள்ளியில் எப்போதும் முதல் மார்க் எடுத்த பிள்ளைகள் மட்டுமே கூடும் இடம் அது. அங்கே மதிப்பெண்ணுக்கு எஸ், ஏ, பி என்று எழுத்து போடுவார்கள், பெரும்பாலும் வகுப்பில் மற்றவர்கள் எடுத்ததோடு ஒப்பிட்டு. எனவே நன்றாகப் படிக்கும் பிள்ளையும் வாழ்க்கையில் முதல்முறையாக வகுப்பின் கடைசிப் பாதியில் இருக்க நேரும். வருகைப்பதிவு குறைந்தால் தேர்வெழுதவும் விடமாட்டார்கள்.

பேராசிரியர் ஒருவர் ஆலோசகராக இருப்பார், கவுன்சலிங் வசதியும் உண்டு. ஆனால் வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: முதல் செமஸ்டர் மார்க் குறைந்து வரும்போது "உனக்காக எவ்வளவு கஷ்டப்பட்டோம்" என்ற பேச்சை எடுக்காமல் இருப்பது. வேண்டாம் என்று பிள்ளை திரும்பி வந்தால் வீட்டுக் கதவு திறந்திருக்கும் என்பதைச் சேரும் முன்பே சொல்லிவிடுங்கள். யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமனஸ் எண் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசுவார்கள்.

"ரேங்க் வரலை. எல்லாம் முடிஞ்சு போச்சா?"

ஜேஇஇ அட்வான்ஸ்டு அடுத்தடுத்த இரண்டு வருஷத்தில் இரண்டு முறை எழுதலாம். ஒரு வருஷம் வீட்டிலிருந்து படிப்பது, முதல்முறை ஓரளவு அருகில் வந்த பிள்ளைக்கு மட்டும் சரிப்படும்.

பி.டெக் வழி மட்டும்தான் ஐஐடிக்கு வழி என்று நினைப்பது நம் ஊரில் ஆச்சரியம். இஸ்ரோ தலைவராக இருந்த கே. சிவன் நாகர்கோவில் பக்கம் சரக்கல்விளைக்காரர். தமிழ் மீடியம் அரசுப் பள்ளி, தெ.தி. இந்துக் கல்லூரியில் பி.எஸ்சி கணிதம், குரோம்பேட்டை எம்ஐடி, பெங்களூர் ஐஐஎஸ்சி. ஐஐடி பாம்பேயில் டாக்டர் பட்டம் பெற்றது இஸ்ரோவில் பல வருஷம் வேலை செய்த பிறகு. 2025 ஜனவரியில் தலைவரான வி. நாராயணனும் நம் மாவட்டத்து மேலக்காட்டுவிளைக்காரர். டிப்ளமோ படித்து இஸ்ரோவில் சேர்ந்து, பிறகு கரக்பூர் ஐஐடியில் எம்.டெக்கும் டாக்டர் பட்டமும் வாங்கியவர். இன்று பி.இ. முடித்தவர்கள் கேட் தேர்வு எழுதி எம்.டெக் போகலாம், மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகையோடு. பி.எஸ்சி படித்தவர்கள் ஜாம் தேர்வு எழுதி எம்.எஸ்சி போகலாம். ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் பிள்ளைகளிலேயே எத்தனை பேருக்கு ஜாம் என்றால் என்னவென்று தெரியும்?

"வீட்டுல இருந்தே படிக்கிற ஐஐடி டிகிரி உண்டாமே. அது அசல்தானா?"

அசல்தான். 2020-ல் தொடங்கிய பி.எஸ். டேட்டா சயின்ஸ் படிப்பு. 2023-ல் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸும் சேர்ந்தது. ஜேஇஇ தேவையில்லை; நான்கு வாரப் பாடம் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறினால் சேரலாம். வகுப்பு ஆன்லைனில், தேர்வு மட்டும் நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். இடையில் நிறுத்தினாலும் அதுவரை முடித்த நிலைக்கேற்பச் சான்றிதழோ டிப்ளமோவோ கிடைக்கும். வருமானம் குறைந்த குடும்பங்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு.

ஆனால் இது பி.டெக் அல்ல. இரண்டாம் கேள்விக்கு நான் சொன்ன பட்டறையும் ராத்திரி பன்னிரண்டு மணி ஸ்பேனரும் இதில் வராது. வேறு கல்லூரியில் சேர்ந்துகொண்டே இதையும் படிக்கும் பிள்ளைகள் நிறைய. அப்படி எடுப்பது புத்திசாலித்தனம் என்பேன். தகுதித் தேர்வு எளிது என்று நினைத்து விளையாட்டாகச் சேர்ந்தால் கணக்குப் பாடத்திலேயே நின்றுவிடுவார்கள்.

"ஜோசா கவுன்சலிங்கில ஃப்ளோட், ஸ்லைடுன்னு கேக்குது. எதை அழுத்த?"

ஜோசா என்பது ஐஐடி, என்ஐடி இடங்களுக்கான கலந்தாய்வு; வேண்டிய இடங்களை விருப்ப வரிசையில் பட்டியலாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஃப்ரீஸ் என்றால் கிடைத்ததே போதும். ஸ்லைடு என்றால் அதே நிறுவனத்தில் இதைவிட மேலே நீங்கள் எழுதிய பிரிவு வந்தால் எடுத்துக்கொள்வேன். ஃப்ளோட் என்றால் எந்த நிறுவனமானாலும் மேலே எழுதியது வந்தால் சரி. மூன்றில் எதை அழுத்தினாலும், மேலே உள்ளது கிடைக்காவிட்டால் கையில் இருப்பது போகாது. கட்டணம் கட்டிச் சான்றிதழ்களை நேரத்துக்குள் ஏற்றியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பட்டியல் எழுதும்போது "இந்த ரேங்குக்கு எது வரும்" என்று கணக்குப் போட்டு எழுதாதீர்கள். எது வேண்டுமோ அதை முதலில், அடுத்தது அடுத்து. மாநில அரசின் பொறியியல் கலந்தாய்வு விண்ணப்பத்தையும் போட்டு வையுங்கள், இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதங்களில் ஓடும். பூட்டுவதற்கு முன்பு பட்டியலை ஒரு தாளில் அச்செடுத்துப் பிள்ளை கையில் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் ஏன் இந்த இடம் என்று கேளுங்கள். பதில் வராத வரியைக் கீழே இறக்குங்கள்.